எட்வர்டு காலத்து உடன்பிறப்புகளின் கடிதக் கட்டு: பிரிப்பது முதல் வெளியிடுவது வரை முழு வழிகாட்டி

1901 ஜனவரி 22இல் விக்டோரியா மகாராணி இறந்தார். மகன் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்து 1910 மே 6 வரை ஆண்டார். இந்த ஒன்பது ஆண்டுச் சொச்சத்தைத்தான் எட்வர்டு காலம் என்கிறார்கள். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கும் வரை நீட்டிச் சொல்வோரும் உண்டு. பிரிட்டனில் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உலகத்தின் நான்கு மூலைக்கும் போன காலம் அது. கனடாவில் 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம் என்ற சட்டத்தை நம்பி ஒரு தம்பி கிளம்புவார். ஒரு அண்ணன் இந்திய ரயில்வேயிலோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலோ இருப்பார். அக்கா தென்னாப்பிரிக்காவில் நர்ஸ். கடைசித் தங்கை அப்பா அம்மாவோடு ஊரிலேயே. இவர்களைக் கட்டி வைத்திருந்தது வாராவாரம் கப்பலில் போன தபால் மட்டுமே.

அப்படிப்பட்ட ஒரு கடிதக் கட்டு, அசலாகவோ ஸ்கேனாகவோ, உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதே இந்த வழிகாட்டி. குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கும், வரலாற்று மாணவர்களுக்கும், பழைய தபால் அட்டை சேகரிப்பவர்களுக்கும் உதவும். கையில் கட்டு எதுவும் இல்லாதவர்கள் பழகிப் பார்க்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. விமானம் கண்டுபிடித்த வில்பர், ஆர்வில் ரைட் சகோதரர்களும் அவர்களின் தங்கை கேத்தரினும் எழுதிக்கொண்ட கடிதங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் இல்லை, ஆனால் காலம் அதேதான். உடன்பிறப்புகளின் கடிதங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுத்தர அதைவிட நல்ல தொகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கீழே உதாரணத்துக்கு அவர்களிடம்தான் அடிக்கடி போவேன்.

1. கட்டைப் பிரிக்கும் முன்

கிடைத்த நிலையிலேயே முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த ரிப்பனில் கட்டியிருந்தது, எந்தக் கடிதம் எதற்கு மேல் இருந்தது, எது தனியாக ஒரு உறைக்குள் இருந்தது என்பதெல்லாம் தகவல். நூறு வருடத்துக்கு முன் ஒருவர் யோசித்து அடுக்கிய வரிசையாக அது இருக்கலாம். கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையோடு சேர்த்தே வையுங்கள். உறையைத் தனியே ஒரு டப்பாவில் போடுவதும், சேகரிப்புக்கென்று தபால் தலையை வெட்டி எடுப்பதும் கடிதத்தின் பாதி உயிரை எடுப்பதற்குச் சமம். பல கடிதங்களில் ஆண்டு எழுதியிருக்காது, அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி உறைமேல் உள்ள முத்திரைதான்.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் உணர்வு தெரியாமல் ஓரம் கிழிய வாய்ப்பு அதிகம். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த நீலக்கறுப்பு மையில் இரும்பும் அமிலமும் உண்டு. ஈரம் பட்டால் அது தாளையே அரிக்கும். பலர் பயன்படுத்திய காப்பியிங் பென்சில் எழுத்தோ, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஊதாவாகக் கசியும். ஆகவே மடிப்பைப் பிரிக்க நீராவி காட்டும் வேலையை நாமே செய்யக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது எழுத்தில்லாத பக்கத்தையும் உறையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் சேர்த்து எடுங்கள். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) போதுமானது. மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும், புழங்குவதற்கு ஜேபெக். கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினியே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். அசல் தாளின் மூலையில் மென்மையான பென்சிலால் சின்னதாக ஒரு எண் போடலாம், பேனா கூடாது.

2. எந்தப் பக்கத்துக்குப் பிறகு எந்தப் பக்கம்?

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் திணறுவது கையெழுத்தில் அல்ல, பக்க வரிசையில். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வரும். பலர் முதல் பக்கம் முடிந்ததும் தாளைத் திறக்காமல் நேரே பின்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம்தான் திறந்து உள்பக்கம் இரண்டையும் எழுதுவார்கள், சில நேரம் தாளைத் திருப்பி அகலவாக்கில். அதனால் வாக்கியம் நடுவில் அறுந்தால் பக்கம் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் நான்கு பக்கத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் பொருத்திப் பாருங்கள்.

எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி, அதே வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதும் பழக்கமும் இருந்தது. தபால் விலை குறைந்தபின் இது அருகிவிட்டது. ஆனால் வயதானவர்கள் விடவில்லை, வெளிநாட்டுக் கடிதத்தின் எடையைக் குறைக்க நினைத்தவர்களும் விடவில்லை. இதைப் படிக்க ஸ்கேனைத் திரையில் திருப்பி வைத்து, ஒரு திசையில் உள்ள எழுத்தை மட்டும் முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஓரங்களையும் தாளின் மேல்பகுதியையும் மறக்காதீர்கள். உடன்பிறப்புகள் உண்மையைப் பெரும்பாலும் அங்கேதான் கிறுக்கியிருப்பார்கள்.

3. தேதி கண்டுபிடிப்பது

‘வியாழன், ஜூன் 16’ என்று மட்டும் இருக்கிறது, ஆண்டு இல்லை. சரி, நாள்காட்டியை எடுங்கள். எட்வர்டு ஆட்சி நடந்த ஆண்டுகளில் ஜூன் 16 வியாழக்கிழமையாக வந்தது இரண்டே முறை: 1904, 1910. எழுதியவரே கிழமையை மாற்றி எழுதவில்லை என்றால் பத்து ஆண்டுக் குழப்பம் இரண்டாகச் சுருங்கிவிட்டது. கடிதத்தில் காலமான மன்னரைப் பற்றியோ வால்நட்சத்திரம் பற்றியோ பேச்சு இருந்தால் 1910. இப்படி கிழமையும் தேதியும் சேர்ந்து வரும் கடிதங்களை முதலில் முடித்துவிடுங்கள், மற்றவை அவற்றைச் சுற்றித் தாமாக இடம் பிடிக்கும்.

வணிகக் கடிதப் பழக்கத்தில் தேதிக்குப் பின் மூன்று சுருக்கங்கள் வரும். ‘இன்ஸ்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம், ‘ப்ராக்ஸ்’ என்றால் வரும் மாதம். ‘உன் 12 அல்ட் கடிதம் கிடைத்தது’ என்று எழுதியிருந்தால் போன மாதம் 12ஆம் தேதி இட்ட கடிதம் என்று அர்த்தம். இதைத் தவறவிட்டால் ஒரு மாதம் சறுக்கும்.

தபால் தலை என்ன சொல்லும்? எட்வர்டு தலை பொறித்த பிரிட்டிஷ் தபால் தலைகள் 1902 ஜனவரி 1இல் வந்தன. ஐந்தாம் ஜார்ஜ் தலை 1911 ஜூன் 22இல் வந்தது. மன்னர் மாறிய பிறகும் பழைய தலைகள் செல்லும் என்பதால், தபால் தலை ‘இந்த நாளுக்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும்.

அதைவிடக் கூர்மையான சாட்சி ஒட்டிய தொகை. 1898 கிறிஸ்துமஸ் அன்று பேரரசு பென்னி தபால் தொடங்கியது. ஹென்னிக்கர் ஹீட்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டு விடாமல் போராடிப் பெற்றது அது. அதுவரை இரண்டரைப் பென்னியாக இருந்த கட்டணம் கனடா, இந்தியா போன்ற இடங்களுக்கு அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி ஆனது. இந்தியாவிலிருந்து அனுப்ப ஒரு அணா. ஆஸ்திரேலியா உடனே சேரவில்லை, பிரிட்டனிலிருந்து அங்கே பென்னிக்கு அனுப்பும் வசதி 1905இல்தான் வந்தது. அமெரிக்காவுக்கு 1908 அக்டோபர் 1 முதல். ஆகவே இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன மெல்லிய கடிதத்தில் இரண்டரைப் பென்னித் தலை இருந்தால் அது அனேகமாக 1908 அக்டோபருக்கு முந்தியது. ஒரு பென்னிக்கு ஒரு அவுன்ஸ் என்று எடை இரட்டிப்பானது 1907 அக்டோபர் 1இல். அதற்குப் பின் கடிதங்கள் நீளுகின்றனவா என்று உங்கள் கட்டில் கவனித்துப் பாருங்கள்.

படத் தபால் அட்டையில் முகவரிப் பக்கம் இரண்டாகப் பிரிந்து இடப்பக்கம் செய்தி எழுதியிருந்தால், பிரிட்டனில் அது 1902க்குப் பிந்தியது. அமெரிக்காவில் அந்த அனுமதி 1907 மார்ச் 1இல் வந்தது. அதற்கு முந்திய அட்டைகளில் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதியிருப்பார்கள். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் கொழும்பில் பிளாட்டேயும் வெளியிட்ட அட்டைகள் இப்படித்தான் இங்கிலாந்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

பொது நிகழ்ச்சிகளும் உதவும். 1902 ஜூன் 26இல் நடக்க வேண்டிய முடிசூட்டு விழா, மன்னருக்குக் குடல்வால் நோய் வந்து அறுவை சிகிச்சை நடந்ததால் ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. 1903 ஜனவரி 1 டெல்லி தர்பார், 1906 ஏப்ரல் 18 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் ஆகியவை கடிதங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. வால்நட்சத்திரத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 1910 மே மாதம் ஹாலி வந்தது உண்மை. ஆனால் அந்த ஜனவரியிலேயே பகலில் தெரியும் அளவுக்குப் பிரகாசமான வேறொன்று வந்து, பலர் அதையே ஹாலி என்று நம்பினார்கள்.

தாளின் கறுப்பு ஓரம் துக்கத்தைக் குறிக்கும். நாள் போகப்போக ஓரம் மெலியும். வரிசையாக வைத்து அளந்து பார்த்தால், மரணம் எந்தக் கடிதத்துக்குச் சற்று முன் நடந்தது என்று மதிப்பிடலாம்.

4. கப்பல் கணக்கு: போய்ச் சேர்ந்த நாள்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். கடிதங்களை எழுதிய நாள் வரிசையில் அடுக்கிப் படித்தால் உரையாடல் போலத் தோன்றும், ஆனால் அப்படி ஒரு உரையாடல் நடக்கவே இல்லை. எழுதியவருக்கு அந்த நாளில் எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானித்தது கப்பல்.

லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வாரம் ஒரு முறை வெள்ளிக்கிழமை தபால் கிளம்பும். ரயிலில் பிரான்சையும் இத்தாலியையும் கடந்து பிரிண்டிசி துறைமுகம், அங்கிருந்து கப்பலில் சூயஸ் வழியாகப் பம்பாய். ஏறக்குறைய இரண்டு வாரம். உறையில் ‘பிரிண்டிசி வழி’ என்று அனுப்புபவரே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே கப்பலிலேயே ஊழியர்கள் தபாலைப் பிரித்து அடுக்கிவிடுவார்கள், அதற்கென ‘கடல் தபால் நிலையம்’ என்ற முத்திரையும் உண்டு. சவுதாம்ப்டனிலிருந்து கேப்டவுனுக்கு யூனியன் காசில் நிறுவனத்தின் கப்பலில் சுமார் 17 நாள். அட்லாண்டிக்கைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம், மேற்குக் கனடா என்றால் மேலும் பல நாள் ரயில். ஆஸ்திரேலியாவுக்கு ஐந்து வாரம் அளவில், நியூசிலாந்துக்கு இன்னும் கொஞ்சம் கூட.

இப்போது நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் டார்செட்டில் இருக்கும் தங்கை மார்ச் 1இல் ‘அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை’ என்று நியூசிலாந்து அண்ணனுக்கு எழுதுகிறாள். அது அவர் கைக்கு வர ஏப்ரல் பாதி ஆகிவிடும். பதறிப்போய் அன்றே எழுதுகிறார். அந்தக் கடிதம் டார்செட் வர மே மாதக் கடைசி. இடையில் அம்மா எழுந்து நடமாடி, தங்கை ஏப்ரலில் தோட்டத்தைப் பற்றியும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் எழுதியிருப்பாள். தேதி வரிசையில் படிப்பவருக்கு ஏப்ரலில் தங்கை கல்நெஞ்சக்காரியாகவும் அண்ணன் நிலைகொள்ளாதவராகவும் தெரிவார்கள். இருவருமே அப்படி இல்லை.

ஆகவே ஒரு பதிவேடு போடுங்கள். கடித எண், எழுதியவர், பெறுபவர், எழுதிய இடம், எழுதிய நாள், சேர்ந்த நாள், எந்தக் கடிதத்துக்குப் பதில், உள்ளே வைத்து அனுப்பியது என்று பத்திகள் இருக்கட்டும். சேர்ந்த நாளுக்கு உறையின் பின்பக்கத்தில் பெறும் ஊரின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பெற்ற நாள், பதில் எழுதிய நாள் இரண்டையும் உறைமேலேயே குறித்துவைக்கும் ஒழுங்கானவர்களும் இருந்தார்கள். எதுவும் இல்லையென்றால் பயண நாளைக் கூட்டி ஒரு உத்தேசத் தேதி போட்டு, உத்தேசம் என்று குறியுங்கள். பிறகு கட்டை இரண்டு முறை படியுங்கள். முதலில் தங்கையின் மேசையில் உட்கார்ந்து: அவள் எழுதியவை எழுதிய நாளில், அவளுக்கு வந்தவை வந்த நாளில். அடுத்து அண்ணனின் மேசையிலிருந்து அதே மாதிரி. ஒரே கட்டு இரண்டு வேறு கதையாக விரியும்.

ஒரே கடிதத்துக்குள் பல தேதி இருப்பதும் சகஜம். ஞாயிறு தொடங்கி, செவ்வாய் தொடர்ந்து, தபால் மூடும் நாளில் அவசரமாக முடித்திருப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தேதி குறியுங்கள்.

ரைட் குடும்பத்தில் இதற்கு அருமையான பாடம் உண்டு. 1908 ஜூனில் பிரான்சின் லெமான் நகரில் விமானப் பெட்டிகளைத் திறந்த வில்பர், உள்ளே எல்லாம் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்து, மோசமாகப் பேக் செய்ததாகத் தம்பி ஆர்விலைக் கடுமையாகத் திட்டி எழுதினார். உண்மையில் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்துவிட்டுத் தாறுமாறாகத் திணித்ததால் வந்த சேதம் அது. அந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்தவர் ஆர்விலைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதிவைத்துவிடுவார். கோபமான கடிதம் கிடைத்தால், அதைத் தொடர்ந்து வந்தவை எல்லாவற்றையும் படிக்கும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

தந்தி இந்தக் கணக்கைக் குலைக்கும். அதே ஆண்டு செப்டம்பர் 17இல் அமெரிக்க ராணுவத் தளமான ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்தது. அவர் படுகாயமடைந்தார், உடன் சென்ற ராணுவ அதிகாரி செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். கடலடித் தந்தி மூலம் மறுநாளே பிரான்சில் வில்பருக்குத் தெரிந்துவிட்டது. சொந்த ஊரான டேட்டனில் ஆசிரியையாக இருந்த கேத்தரின் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். விபத்துக்கு முந்தின நாட்களில் அமெரிக்காவில் போட்ட கடிதங்கள் அதற்குப் பிறகும் கப்பலில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். வில்பரின் மேசையிலிருந்து அந்த வாரங்களைப் படித்துப் பாருங்கள், மனம் கனத்துவிடும்.

சாதாரணக் குடும்பம் தந்தியை நினைத்த நேரம் அடிக்க முடியாது. 1902இல் பசிபிக் கேபிள் என்ற கடலடித் தந்தி வழி திறந்தபின் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஒரு சொல்லுக்கு 3 ஷில்லிங். ஐந்து சொல் அடித்தால் இங்கிலாந்துப் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் வாரக் கூலி அளவுக்குப் போய்விடும். அதனால் மரணம், பிறப்பு, பத்திரமாகச் சேர்ந்தது போன்றவைதான் தந்தியில் வரும், அதுவும் முன்பே பேசி வைத்த ஒரு ரகசியச் சொல்லாக. அர்த்தமில்லாத ஒற்றைச் சொல்லோடு தந்தித் தாள் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் பொருள் அதற்கு முந்திய ஏதாவது கடிதத்தில் இருக்கும். தந்தியில் பிழையும் வரும். 1903 டிசம்பர் 17இல் முதல் பறப்பை அறிவித்து ஆர்வில் அப்பாவுக்கு அடித்த தந்தியில் 59 வினாடி 57 ஆகிவிட்டது, அவருடைய பெயரே தப்பாகப் போய்ச் சேர்ந்தது.

5. யார் யார் என்று அறிவது

செல்லப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஜான் என்பவர் ஜாக் ஆவார், ஹென்றி ஹாரி ஆவார், மேரி பாலி ஆவாள், எலன் நெல் ஆவாள். மன்னர் எட்வர்டே வீட்டில் பெர்ட்டிதான். ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்பது திருமண வழி உறவையும் குறிக்கும் என்பதால், அப்படி ஒருவர் வந்தவுடன் குடும்ப மரத்தில் புதுக் கிளை போட்டுவிடாதீர்கள்.

சரிபார்க்க நல்ல ஆவணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 ஆகிய இரண்டும் நம் காலத்துக்குள் வருகின்றன. 1911இல் இங்கிலாந்து, வேல்ஸ் வீட்டுத்தலைவர்கள் நிரப்பிய படிவமே அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதாவது ஊரில் இருந்த அண்ணனின் கையெழுத்தை அங்கே பார்த்து உங்கள் கடிதத்தோடு ஒப்பிடலாம். அயர்லாந்தின் 1901, 1911 படிவங்கள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். கப்பலேறியவர்களைத் தேட, பிரிட்டனிலிருந்து வெளியே போனவர்களின் 1890 முதல் 1960 வரையான பயணிகள் பட்டியல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

6. படியெடுத்தல்

எழுத்துப் பிழையைத் திருத்தாமல், வரி முறிவோடு அப்படியே எடுங்கள். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி போதும், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒருவரின் கையெழுத்துக்குப் பழக நான்கைந்து கடிதமாவது ஆகும், அதனால் முதலில் எடுத்த படியைக் கடைசியில் மறுபடி சரிபாருங்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள் வேகத்துக்கு உதவும். ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் அதை நம்பாதீர்கள்.

7. மௌனங்களைப் படிப்பது

பதிவேடு முடிந்ததும் இடைவெளிகள் தெரியும். பெரிய இடைவெளி என்றால் சண்டை என்று மனம் தாவும். முதலில் கேட்க வேண்டியது, அப்போது அவர்கள் ஒரே இடத்தில் இருந்தார்களா என்பது. ரைட் சகோதரர்களும் கேத்தரினும் 1909 தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒன்றாக இருந்தார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுத அவசியமே இல்லை. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அரசு அதிகாரியாக இருந்த, பின்னாளில் எழுத்தாளரான லெனார்டு வுல்ஃபைப் பார்க்க அவருடைய அக்கா பெல்லா 1907இல் இலங்கைக்கே வந்துவிட்டார். பிறகு பேராதனைத் தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானி ராபர்ட் லாக்கை மணந்தார். கடிதம் குறைந்த காலம்தான் சில வீடுகளில் நெருக்கம் கூடிய காலம்.

இன்னொரு காரணம், சுற்றுக்கு விட்ட கடிதங்கள். ஒரு கடிதம் அம்மாவிடம் வந்து, அங்கிருந்து அக்காவுக்கும் அடுத்த அண்ணனுக்கும் போகும். எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியது அது. அந்தரங்கத்தைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, படித்ததும் எரித்துவிடு என்பார்கள். ஆகவே கலகலப்பான நீண்ட கடிதம் ஒன்று எதையோ சுற்றி வளைக்கிறது என்று தோன்றினால், அது யார் காதில் விழ எழுதப்பட்டது என்று யோசியுங்கள்.

8. மறு பாதியைத் தேடுவது

பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது ஒருவர் பெற்ற கடிதங்கள் மட்டுமே. அவர் எழுதியவை எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பரணில் இருந்தன. கனடாவின் கல்கரியிலோ நியூசிலாந்தின் டனீடினிலோ அந்த அடுத்தவரின் பேரப்பிள்ளைகள் அவற்றை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கலாம். அனுப்பியவர் ஊரின் காப்பகப் பட்டியலில் பெறுநரின் பெயரை, பெறுநர் ஊரில் அனுப்பியவர் பெயரை என்று மாற்றித் தேடுங்கள். இந்தியாவில் வேலை பார்த்தவர்கள் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தனியார் தாள்கள், கேம்பிரிட்ஜ் தெற்காசிய ஆய்வு மையம் இரண்டையும் விடாதீர்கள்.

9. வெளியிடும் முன்

தாள் உங்களுடையது என்பதால் அதில் உள்ள எழுத்து உங்களுடையது ஆகிவிடாது. பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். பிரிட்டனில் இதற்குத் தனி விதி உண்டு. 1969க்கு முன் இறந்தவர்கள் எழுதி, 1989 ஆகஸ்ட் வரை வெளியாகாமல் இருந்த எழுத்துகளுக்கு 2039 முடியும் வரை பதிப்புரிமை தொடர்கிறது. அதனால் 1904இல் எழுதிய கடிதத்துக்கும் அனுமதி தேவைப்படலாம். வாரிசுகளைத் தேடி எழுதுங்கள். எழுதும்போது உங்களிடம் உள்ள கடிதங்களின் ஸ்கேனையும் சேர்த்து அனுப்புங்கள், பதிலோடு மறு பாதி வந்து சேரவும் வாய்ப்பிருக்கிறது.